காலியாத் தெரியிற கட்டம் காலி இல்ல

வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு எங்கட வாசிப்பு வட்டம் கூடும். மட்டக்களப்பு காந்தி பூங்காவில், வாவிப் பக்கமாக ஒரு மூலை. வேலை முடிந்து வருகிற இரண்டு பேர், வந்தாறுமூலை பல்கலைக்கழகத்தால் வருகிற மூன்று பேர், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற மிச்சப் பேர். ஒருவர் கடலை வாங்கி வருவார், ஒருவர் புத்தகம் கொண்டு வருவார். ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்தது. பிறகு மூன்றே மாதத்தில் நின்றுபோனது.

ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. வாசிக்கப் புத்தகம் இல்லாமலும் போகவில்லை. எங்களில் ஒருத்தியின் ஈமெயில் கலண்டரில் வியாழன் நாலரைக்கு ஒரு கட்டம் வந்து விழுந்தது. தலைப்பு இங்கிலீசில், நிகழ்ச்சி நிரல் கிடையாது, அழைக்கப்பட்டவர்கள் முப்பதுக்கு மேல். 'ஒவ்வொரு வாரமும்' என்று போட்டிருந்தது, முடிவுத் திகதி போடப்படவில்லை. அனுப்பியவர் கொழும்பில் இருக்கிற ஒருங்கிணைப்பாளர். அவள் 'ஓம்' என்றும் அமத்தவில்லை, 'இல்லை' என்றும் அமத்தவில்லை. ஆனால் கலண்டரில் இருக்கிறதே, போகாமல் விட்டால் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொரு வியாழனும் லப்டொப்புக்கு முன்னால் மைக்கை மூடிக்கொண்டு இருந்தாள். அவளை ஒரு நாளும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள்தான் எங்களுக்குப் புத்தகம் தெரிவு செய்கிறவள். அவள் வராத கிழமைகளில் மற்றவர்களும் 'அடுத்த கிழமை பார்ப்பம்' என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

இது சின்ன விஷயம் என்று நாங்களும் முதலில் நினைத்தோம். ஆறுதலாக இருந்து ஆளுக்காள் கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஒருவன் இராவில் தகப்பனோடு வாவிக்கு வலை கொண்டு போகிறவன். அவனுக்குக் காலை எட்டரைக்கு 'இளைஞர் கலந்துரையாடல்' வருகிறது. அவன் நித்திரைக்குப் போகிற நேரம் அது. ஒருத்திக்குத் தாயின் கிளினிக் நாளில் இரண்டு கூட்டம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது. காத்தான்குடியில் இருந்து வருகிற நண்பனுக்கு வெள்ளி மத்தியானம் பன்னிரண்டரைக்கு 'கட்டாயம் பங்குபற்றவும்' என்று அழைப்பு வந்திருக்கிறது. ஜும்ஆ நேரத்தில் கூட்டம் வைக்கக் கூடாது என்பதை இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். கலண்டருக்கு அது தெரியாது.

அதனால்தான் இதை எழுதுகிறோம். வேண்டாத கூட்ட அழைப்புகளை என்ன செய்வது, எப்படி மறுப்பது, நாங்களே அப்படி அனுப்பாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றி.

கேட்டுக்குள் போட்ட காட்

எங்கட பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்வதென்றால் வீட்டுக்குப் போய்த்தான் சொல்ல வேணும். படியேறி, இருந்து, தேத்தண்ணி குடித்து, 'கட்டாயம் வந்திரணும்' என்று வாயால் சொல்ல வேணும். ஆளில்லாத நேரம் பார்த்து கேட்டுக்குள்ளால் காட்டைப் போட்டுவிட்டுப் போனால் அது அழைப்பில்லை. 'வீட்ட வந்து சொல்லயில்ல' என்ற ஒரு வசனத்தில் பத்து வருஷம் பேசாமல் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் இருக்கிறார்கள்.

கலண்டர் அழைப்பு, கேட்டுக்குள்ளால் போட்ட காட். ஆனால் அதில் ஒரு புதுமை இருக்கிறது. காட் போட்டவரே உங்கள் வீட்டுக்குள் வந்து, சுவரில் தொங்குகிற கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டமும் போட்டுவிட்டுப் போகிறார். நீங்கள் வருவதாகச் சொல்லாமலே உங்களுக்கும் சேர்த்துச் சோறு ஆக்குகிறார்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடினோம். ஒரு நிறுவனத்தின் கலண்டரில் இருந்து இன்னொரு நிறுவனத்தின் கலண்டருக்கு அழைப்பு போக ஒரு பொது மொழி வேணும். ஐகலண்டர் என்ற அந்தப் பொதுத் தரம் 1998இல் எழுதப்பட்டது, 2009இல் திருத்தப்பட்டது. கூகுளில் இருந்து அவுட்லுக்குக்கும் அங்கிருந்து ஆப்பிளுக்கும் அழைப்பு போய்ச்சேர்வது அதனால்தான். மெயிலோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஐ.சி.எஸ் என்ற சின்னக் கோப்பு அதுதான்.

அந்தத் தரத்தை வாசித்தால் ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். அழைக்கப்பட்டவர் சொல்லக்கூடிய பதில்கள் அதில் விரிவாகவே இருக்கின்றன. ஏற்றுக்கொள்ளலாம். மறுக்கலாம். இன்னும் முடிவில்லை என்று சொல்லலாம். 'எனக்குப் பதிலாக இவர் வருவார்' என்று இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். 'இந்த நேரம் சரிவராது, வேறு நேரம் வைப்போமா' என்று எதிர் யோசனை அனுப்பவும் அதே தொகுதியில் இடம் இருக்கிறது. ஒன்றும் சொல்லாத ஆளுக்கும் ஒரு தனி நிலை: 'இன்னும் பதில் வேண்டும்.'

அதாவது, மெஷினைப் பொறுத்தவரை பேசாமல் இருக்கிறவர் சம்மதித்தவர் இல்லை. மௌனம் சம்மதம் என்று சொன்னது நாங்கள். பதில் போடாமல் விட்டுவிட்டு, போகவும் மனமில்லாமல், போகாமல் இருக்கவும் பயந்து, கடைசியில் போய்க் குந்துவதும் நாங்கள்தான்.

'பார்ப்பம்' என்ற பதில்

'வரமாட்டன்' என்பது எங்கட வாயில் லேசில் வராது. 'பார்ப்பம்', 'ஏலுமெண்டா வாறன்', 'சொல்லுறன்' என்போம். கேட்கிறவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். அம்மம்மா 'பார்ப்பம் புள்ள' என்று இழுத்துச் சொன்னால் அது இல்லை. 'பார்ப்பம், பார்ப்பம்' என்று வேகமாகச் சொன்னால் அது ஓம். நேருக்கு நேர் பேசுகிற இடத்தில் முகமும் குரலும் மிச்சத்தைச் சொல்லிவிடும். யாருக்கும் முகம் முறியாது.

மெயிலில் முகம் கிடையாது. எங்கட 'பார்ப்பம்' கொழும்புக்கோ ஜெனீவாவுக்கோ போகிறபோது வெறும் மௌனமாக மாறிவிடுகிறது. அந்த மௌனத்தை வருகிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வராவிட்டால், 'மட்டக்களப்புப் பிள்ளைகள் பொறுப்பில்லை' என்கிறார்கள். மரியாதைக்காக நாங்கள் சொல்லாமல் விட்ட ஒரு சொல், எங்களையே மரியாதை தெரியாதவர்கள் ஆக்குகிறது.

ஆகவே எங்கட முதல் கருத்து இது: தெரிந்தவர் அனுப்பிய அழைப்புக்கு 'இல்லை' என்று அமத்துவது அவமரியாதை ஆகாது. ஒரு வரிக் காரணத்தோடு, நேரகாலத்தோடு சொன்ன 'இல்லை', கடைசி நிமிஷம்வரை இழுத்த 'பார்ப்பம்' என்பதைவிட மேலானது. அனுப்பியவர் வேறு ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும்.

நேரத்துக்கும் இரண்டு கரை

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. நேரம் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எங்கட மூத்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒரு காலத்தில் கரைக்கொரு நேரம் இருந்தது.

1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருஷம் ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். படுவான்கரையின் பெரும்பகுதி அப்போது அந்தப் பக்கம். வாவியைக் கடந்தால் மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னுக்குப் போகும். 'எத்தின மணிக்கு' என்று கேட்டால் 'எந்த நேரம், புது நேரமா, பழைய நேரமா' என்று திருப்பிக் கேட்ட காலம் அது.

அந்தக் குழப்பம் போருடையது, அது திரும்பி வரவே வேண்டாம். ஆனால் 'எந்த நேரம்' என்று திருப்பிக் கேட்கிற அந்தப் பழக்கம் நல்லது. அதை நாங்கள் விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது. இப்போது கலண்டர் தானாகவே நேரத்தை மாற்றித் தருகிறது. மாற்றித் தருவதாலேயே யாருடைய நேரத்துக்கு நாங்கள் ஓடுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஒரு உதாரணம். லண்டனில் இருக்கிறவர் காலை பத்து மணிக்கு ஒரு கிழமைக் கூட்டம் வைக்கிறார். பனிக்காலத்தில் அது எங்களுக்குப் பின்னேரம் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள். அடுத்த கிழமை அதே கூட்டம் எங்களுக்கு இரண்டரை. அவருக்குப் பத்து மணி பத்து மணியாகவே இருக்கிறது. எங்களுக்குத்தான் ஒரு மணித்தியாலம் நகர்கிறது, ஒக்டோபர் கடைசியில் திரும்பவும் நகர்கிறது. எங்களிடம் கேட்டு ஒருவரும் நகர்த்தவில்லை, அது மெஷின் செய்த வேலை. ஆனால் அந்த நகர்வைத் தாங்குகிறவர் எப்போதும் வாவிக்கரையில் இருக்கிறவர்.

இதோடு எங்கட சொந்த நேரங்களும் இருக்கின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாதைக்காகக் காத்து நிற்கிற கஷ்டம் போனது. ஆனாலும் கடைசி பஸ் கடைசி பஸ்தான். மண்டூரில் இருந்து குருமண்வெளிக்குப் பாதையில் வாவியைக் கடந்து வந்தவர்களிடம் கேட்டால் தெரியும், ஒரு பாதையைத் தவறவிட்டால் அடுத்தது வரைக்கும் கரையில் நிற்பதைத் தவிர வழியில்லை. ஐந்தரைக்கு முடிய வேண்டிய கூட்டம் ஆறே காலுக்கு முடிந்தால், கொழும்பில் இருக்கிறவருக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தும். எங்கட தோழிக்கு அது வீட்டில் ஒரு விசாரணை. 'இந்த நேரம் மட்டும் எங்க நிண்ட?' என்று கேட்பார்கள். இரண்டு மூன்று தரம் அப்படி நடந்தால் 'வேலைக்கே போகத் தேவையில்ல' என்பார்கள். ஒரு கலண்டர் கட்டத்தின் விலை சிலருக்கு அவ்வளவு.

காலி நிலம்

அந்த ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் இல்லை. கடைசியில் எங்கட தோழி அவருக்கு எழுதியபோது அவர் சொன்ன பதில் எங்களை யோசிக்க வைத்தது. 'தங்கச்சி, உங்கட கலண்டரைப் பார்த்துத்தான் போட்டனான். வியாழன் பின்னேரம் முழுக்க ஃப்ரீயா இருந்திச்சே' என்றார்.

உண்மைதான். ஒரே நிறுவனத்துக் கணக்கு என்றால், யார் எப்போது வேலையாக இருக்கிறார், எப்போது ஓய்வாக இருக்கிறார் என்பதை மற்றவர் பார்க்கலாம். அவளுடைய கலண்டரில் வாசிப்பு வட்டம் இல்லை. தாயின் கிளினிக் இல்லை, அது கிளினிக் கொப்பியில் இருக்கிறது. தம்பியின் ரியூஷன் இல்லை, கடைசி பஸ் இல்லை, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு இல்லை. அவள் வாழ்கிற வாழ்க்கை ஒன்றும் அந்தக் கலண்டரில் இல்லை. இருந்தது மற்றவர்கள் போட்ட கட்டங்கள் மட்டும். அதனால் மிச்சமெல்லாம் காலியாகத் தெரிந்தது.

காலியாகத் தெரிவது காலி இல்லை என்பதை மட்டக்களப்பாருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரையைத் தூர இருந்து பார்த்தால் வெறும் நிலம். அங்கே மாடு மேய்கிறது, அந்த மாட்டை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன என்பது அங்கே போகிறவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்வதற்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் வீதிக்கு வந்து இருக்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தையும் எங்கட கலண்டர் பிரச்சினையையும் ஒரே தராசில் வைக்கவில்லை, அது பெரிய அநியாயம். ஆனால் பார்க்கிற கண் ஒன்றுதான். பதிவில் இல்லாதது பயன்பாட்டில் இல்லை என்று நினைக்கிற கண்.

ஆகவே இரண்டாவது கருத்து, இதுதான் எங்களுக்கு முக்கியமானது: மறுப்பதைப் பற்றி யோசிக்க முதல், எங்கட நேரத்தை நாங்களே எழுதி வைக்க வேணும். வேலைக் கலண்டரிலேயே எழுதலாம். 'அம்மா கிளினிக்' என்று எல்லோருக்கும் காட்ட விருப்பம் இல்லையா, 'வேலையாக இருக்கிறேன்' என்று மட்டும் தெரியும்படி தனிப்பட்டதாகப் போடலாம். வியாழன் நாலரை வாசிப்பு வட்டம், ஒவ்வொரு வாரமும், முடிவுத் திகதி இல்லை. மற்றவர்கள் போடுகிற அதே வசதி எங்களுக்கும் இருக்கிறது. முதலில் எழுதினவரின் கட்டத்துக்கு மேல் இன்னொன்று போடுகிறவர் கொஞ்சமாவது யோசிப்பார்.

'அழைப்பே வராத காலம்'

இதை எங்கட கூட்டத்தில் பேசியபோது மூத்த அக்கா ஒருவர் குறுக்கே கேட்டார். 'கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்க எண்டு முறைப்பாடா? எங்கட காலத்தில கூப்பிடவே இல்ல எண்டுதான் நாங்க சண்டை பிடிச்ச.'

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடல் வந்த பிறகு கல்லடி, நாவலடிப் பக்கம் வந்த வாகனங்களுக்கும் கூட்டங்களுக்கும் கணக்கில்லை. ஆனால் வீடு எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதைப் பேசுகிற மேசையில் அந்த வீட்டில் இருக்கப்போகிற பெண்ணுக்குக் கதிரை கிடைப்பதே பெரும்பாடு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்து அக்காமார் அந்தக் கதிரைக்காகப் பேச்சு வாங்கியவர்கள். அவர்கள் பிடித்துத் தந்த கதிரையை நாங்கள் 'பிஸி' என்று தட்டிவிடக் கூடாது. அதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அவரிடமே நாங்கள் கேட்டோம்: 'அக்கா, அந்தக் கூட்டங்களுக்குப் போய் என்ன செஞ்சீங்க?' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அரைவாசிக்கு மேல கையெழுத்து வெச்சிட்டு வந்த' என்றார். வரவு இடாப்பில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. மறுகா வடையும் தேத்தண்ணியும். எத்தனை இளைஞர், எத்தனை பெண்கள் என்று யாரோ ஒரு அறிக்கையில் எண்ணிக்கொண்டார்கள்.

எங்கட கலண்டரில் இன்று விழுகிற பல அழைப்புகள் அந்த வரவு இடாப்பின் புது வடிவம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததில் இருந்து மண்டபமும் வடையும்கூடச் செலவில்லை. முப்பது பேருக்கு அனுப்பினால் முப்பது பேரும் 'பங்குபற்றியவர்கள்'. டேட்டா காசு எங்கட தலையில். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை என்று அறிவித்த நாட்களிலும் கூட்டங்கள் கலண்டரில் அசையாமல் நின்றன. இலவச சூம் கணக்கு 40 நிமிஷத்தில் தானாக அறுந்துபோவதுதான் பல நாள் எங்களுக்குக் கிடைத்த ஒரே விடுதலை.

இங்கேதான் கோடு போட வேணும் என்று நினைக்கிறோம். கருத்தைக் கேட்கிற அழைப்பு வேறு, தலையை எண்ணுகிற அழைப்பு வேறு. முதலாவதற்கு நேரம் கஷ்டமாக இருந்தாலும் போக வேணும். ஏலாவிட்டால் வேறு நேரம் கேட்க வேணும், அல்லது எங்களில் ஒருவரை அனுப்ப வேணும். இரண்டாவதை மறுக்கலாம். எது எது என்று தெரியாவிட்டால் ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'இந்தக் கூட்டத்தில் என்னிடம் இருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' பதில் வந்தால் அது கூட்டம். பதில் வராவிட்டால் அது இடாப்பு.

இன்னொரு ஞாயமும் சொன்னார்கள். ஒப்பந்த வேலையில் இருக்கிறவர் எப்படி மேலதிகாரிக்கு 'இல்லை' சொல்வது? இது லேசான கேள்வி இல்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. அது 1954ஆம் ஆண்டுச் சட்டம், கலண்டர் சுவரில் மட்டும் தொங்கிய காலம். பிரான்சில் 2017இல் இருந்து, பெரிய நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கிற உரிமையைப் பற்றி ஊழியரோடு பேசித் தீர்மானிக்க வேணும். அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்டில் அப்படியொரு சட்ட உரிமை நடைமுறைக்கு வந்தது. இங்கே அதுவரைக்கும் தனி ஆளாக மறுப்பது ஆபத்துத்தான். அதனால்தான் 'நாங்கள்' என்று எழுதுகிறோம். ஒரே அலுவலகத்தில் இருக்கிற ஐந்து களப் பணியாளர்கள் சேர்ந்து, 'வெள்ளி பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் கூட்டம் வேண்டாம், ஐந்துக்குப் பிறகு வேண்டாம்' என்று ஒரு மெயில் போட்டால் அதற்கு ஒரு கனம் இருக்கும்.

சரி, இனி என்ன செய்கிறது

முதலில், கள்ள அழைப்புகள். பரிசு விழுந்தது, வேலை இருக்கு, பணம் வந்திருக்கு என்று கலண்டருக்குள்ளேயே வந்து நிற்கிறவை. 2016 நவம்பரில் ஆப்பிள் கலண்டர்களில் மலிவுக் கறுப்புக்கண்ணாடி விளம்பரங்கள் இப்படி வந்து குவிந்தன. 'இல்லை' என்று அமத்தினாலும் அனுப்பினவனுக்குத் தகவல் போகும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு உறுதியாகும். ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, டிசம்பரில் 'குப்பை என்று முறையிடு' என்ற வசதியைச் சேர்த்தது. 2019இல் கூகுள் கலண்டருக்கும் இதே வியாதி வந்தது. ஆகவே ஒரு விதி: தெரியாதவரின் அழைப்புக்கு ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. உள்ளே இருக்கிற லிங்கைத் தொடாமல் ஸ்பாம் என்று முறையிட்டு அழியுங்கள். தெரிந்தவருக்குத்தான் 'இல்லை' என்ற மரியாதை.

இரண்டாவது, கதவு. கூகுள் கலண்டரின் செட்டிங்ஸில், அழைப்புகளைக் கலண்டரில் சேர்ப்பது பற்றி ஒரு வரி இருக்கும். அதில் மூன்று தெரிவுகள்: யார் அனுப்பினாலும் சேர், தெரிந்தவர் அனுப்பினால் மட்டும் சேர், நான் மெயிலில் பதில் சொன்ன பிறகு சேர். நடுவில் இருப்பது 2022இல் வந்தது. உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பவர், ஒரே நிறுவனத்தவர், முன்பு உங்களோடு மெயில் தொடர்பு இருந்தவர் ஆகியோரைத் தெரிந்தவராக அது எடுத்துக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் மூன்றாவதற்கு மாறிவிட்டோம். இப்போது அழைப்பு மெயிலில்தான் வந்து நிற்கும். நாங்கள் கதவைத் திறந்தால்தான் உள்ளே வரும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் ஒன்று: இப்படி மாற்றினால் மெயிலை ஒழுங்காகப் பார்த்துப் பதில் போட வேணும், இல்லாவிட்டால் வேண்டிய கூட்டமும் தவறிவிடும்.

மூன்றாவது, கிழமைக்குக் கிழமை வருகிற கூட்டம். 'இல்லை' அமத்தும்போது இந்த ஒரு நாளுக்கு மட்டுமா, எல்லா நாளுக்குமா என்று கேட்கும். அதைக் கவனியுங்கள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஓம்' கொடுத்துவிட்டு வருஷம் முழுக்க அழுதவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

நான்காவது, மறுப்பின் வசனம். எங்கட தோழி கடைசியில் எழுதியது இதுதான்: 'அக்கா, வியாழன் நாலரைக்கு எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கு. செவ்வாய் காலை என்றால் வரலாம். என்னுடைய பகுதி பற்றிப் பேசுகிற நாள் மட்டும் வந்தால் போதுமா?' மூன்று வசனம். மன்னிப்பு இல்லை, நீண்ட விளக்கம் இல்லை, பொய்க் காய்ச்சல் இல்லை. பதில் அன்றைக்கே வந்தது. மாதத்தில் ஒரு நாள் வந்தால் போதுமாம்.

மூன்று மாதமாக அவள் பயந்த விஷயம் அது.

எங்களுக்கும் ஒரு விதி

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நாங்கள் தப்ப முடியாது. போன வருஷம் எங்கட கூட்டத்துக்கே நாற்பது பேருக்கு ஒரே அமத்தலில் அழைப்பு அனுப்பினோம். எல்லோருடைய ஈமெயிலும் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தெரியாத ஆட்களிடம் இருந்து மெசேஜ் வரத் தொடங்கியது. விருந்தினர் பட்டியலை மறைக்கிற ஒரு சின்னக் குறி அங்கேயே இருந்தது, நாங்கள் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டோம். ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் வரவில்லை.

அதனால் இனி எங்கட பெயரில் போகிற அழைப்புகளுக்கு நாங்களே எழுதிக்கொண்டது: முதலில் வாயால் அல்லது வட்ஸப்பில் கேட்பது, பிறகுதான் கட்டம் போடுவது. தமிழில் தலைப்பு. என்ன பேசப்போகிறோம், எத்தனை மணிக்கு முடியும் என்று இரண்டு வரி. வாராந்தம் என்றால் மூன்று மாதத்தில் முடிவுத் திகதி, வேணுமென்றால் திரும்பக் கேட்டு நீட்டலாம். விருந்தினர் பட்டியல் மறைவாக. வெள்ளி மத்தியானமும், கடைசி பஸ்ஸுக்குப் பிந்திய நேரமும், சடங்கு நாட்களும் இல்லை. வரமாட்டேன் என்கிறவரிடம் 'ஏன்' என்று கேட்பதில்லை.

வாசிப்பு வட்டம் போன மாதம் திரும்பத் தொடங்கியது. அதே வியாழன், அதே நாலரை, அதே மூலை. முதல் நாள் நான்கு பேர், போன கிழமை ஏழு பேர். வலைக்குப் போகிறவன் நித்திரை முழிச்சு நேராக வந்திருந்தான். வர விருப்பம் என்றால் எங்களுக்கு ஒரு வரி போடுங்கள், பிறகு அழைப்பு அனுப்புகிறோம். வர ஏலாதென்றால் 'இல்லை' என்று அமத்துங்கள். நாங்கள் கோவிக்க மாட்டோம், உங்களுக்கும் சேர்த்துக் கடலை வாங்க மாட்டோம். அவ்வளவுதான்.